வீட்டுத் தோட்டத்தில் கோய் குளம்: மண்ணுக்கு அடியில் போவதை முதலில் முடிவு செய்யுங்கள்

கோய் மீனுக்கு இரைப்பை கிடையாது. கெண்டை இனமே அப்படித்தான். தின்றது நேராகக் குடலுக்குப் போய், கொஞ்ச நேரத்தில் கழிவாக வெளியே வந்துவிடும். எப்போது பார்த்தாலும் கரையோரம் வந்து வாயைத் திறப்பதும் அதனால்தான். நம் ஏரிகளில் பிடிபடும் சாதா கெண்டையின் வண்ண வடிவம்தான் இது. ஜப்பானில் நீகாட்டா மலைப்பகுதி நெல் விவசாயிகள் உணவுக்கு வளர்த்த கெண்டைகளில் நிறம் தெரிந்தவற்றைப் பொறுக்கி, 19-ஆம் நூற்றாண்டில் பெருக்க ஆரம்பித்தார்கள். 1914-இல் டோக்கியோ கண்காட்சிக்கு வந்த பிறகு ஜப்பான் முழுக்கப் பேர் பெற்றது. விரல் நீளத்தில் நீங்கள் வாங்கும் குஞ்சு, இடம் கொடுத்தால் இரண்டடி வரை வளரும். இருபது முப்பது வருஷம் வாழும்.

நிறையத் தின்னும், நிறையக் கழியும், பெரிதாக வளரும், நீண்ட நாள் இருக்கும். இப்படிப்பட்ட ஒரு பிராணிக்குக் கட்டுகிற குளத்தில் ஃபில்டர்தான் பிரதானம். குளம் அதோடு ஒட்டியிருக்கும் தொட்டி. இந்த வரிசையை மாற்றிக் கட்டியவர்கள்தான் ஆறு மாதத்தில் பச்சைத் தண்ணீரைப் பார்த்து வெறுத்துப்போய், மண்ணைப் போட்டு மூடி ரோஜா வைக்கிறார்கள். மீன், பாறை, அருவி எதையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கான்கிரீட்டுக்கு அடியில் போகும் குழாயை மாற்ற முடியாது. ஆகவே கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் பேப்பரும் பேனாவும் வேண்டும்.

எவ்வளவு பெரிது

புறநகரில் ஒரு கிரவுண்டில் கட்டிய வீட்டின் பின்பக்கத்தில் வசதியாக அடங்கும் ஒரு அளவை எடுத்துக்கொள்வோம்: நீளம் 10 அடி, அகலம் 7 அடி, தண்ணீரின் ஆழம் 4½ அடி. பெருக்கினால் 315 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்று வைத்தால் சுமார் 8,900 லிட்டர். கணக்குக்கு 9,000 என்றே சொல்லலாம். வளர்ந்த கோய் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டர் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் இதில் எட்டு மீன். ‘எட்டுதானா’ என்று முகம் சுளிக்க வேண்டாம், இரண்டடி மீன் எட்டு ஒன்றாகத் திரும்பினால் குளமே நிறைந்துவிடும். நாலாயிரம் லிட்டருக்குக் கீழே கோய் வேண்டாம் என்பது என் கருத்து. அவ்வளவு இடம் இல்லையென்றால் தங்கமீன் வளர்க்கலாம், அதுவும் அழகுதான்.

ஆழத்தில் மட்டும் சமரசம் செய்யாதீர்கள். கோய் குளிர் நாட்டுத் தண்ணீருக்குப் பழகிய மீன். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை, தண்ணீரிலோ குறைவாக இருக்கும். இரண்டடி ஆழக் குளம் சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் கொதித்துப்போகும். நாலரை அடி அவ்வளவு சீக்கிரம் சூடேறாது.

இந்த நாலரை அடியையும் மண்ணுக்குள் தோண்ட வேண்டியதில்லை. தரைக்குக் கீழே மூன்றேகால் அடி, தரைக்கு மேலே ஒன்றரை அடிச் சுவர், சுவரின் விளிம்புக்குக் கால் அடி கீழே தண்ணீர் மட்டம். இதில் மூன்று லாபம். ஐப்பசி மழையில் தோட்டத்துச் சேறும் உரமும் குளத்துக்குள் வழியாது. தத்தித் தத்தி நடக்கும் குழந்தை நேராக உள்ளே போய்விடாது (ஆனாலும் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் மேலே கம்பி வலை கட்டாயம்). சுவர் மேலேயே உட்கார்ந்து தீனி போடலாம்.

எங்கே தோண்டுவது

வீட்டு அஸ்திவாரத்துக்கும் காம்பவுண்டு சுவருக்கும் பக்கத்தில் தோண்டாதீர்கள். நாலைந்து அடியாவது தள்ளி இருக்கட்டும். செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய், பூமிக்கடியில் போகும் மின்கம்பி எங்கே என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேப்ப மரத்தடி நிழல் ஆசை காட்டும். மாசி, பங்குனியில் அது மொத்த இலையையும் உதிர்த்துவிட்டு அடுத்தாற்போல் பூவையும் கொட்டும். தென்னைக்குக் கீழே என்றால் மட்டையும் காயும் விழும். திறந்த இடத்தில் கட்டி, மேலே பச்சை ஷேட் நெட் போடுவதுதான் நல்லது. பாதி வெயிலை அது தடுத்தால் போதும்; பாசியும் குறையும், சூடும் குறையும், மீன்கொத்தியும் குருட்டுக் கொக்கும் இறங்கவும் முடியாது.

கடற்கரைப் பக்கம் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் இரண்டு மூன்றடிக்கு ஏறிவிடும் ஊர்களில் கூடுதலாக யோசிக்க வேண்டும். குளம் நிறைந்திருக்கும்போது பிரச்சினை இல்லை. சுத்தம் செய்யக் காலி செய்தால் கீழிருந்து வரும் நீரின் அழுத்தம் தரையை விரிசல் விட வைக்கும். அங்கே ஆழத்தில் பாதியை மண்ணுக்கு மேலே கட்டிவிடுவது பிழைக்கும் வழி.

தோண்டும் மண்ணை எங்கே போடுவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். சுவர் கனமும் தளமும் சேர்த்து இந்தக் குழியிலிருந்து நாலு, நாலரை யூனிட் (யூனிட் என்பது நூறு கன அடி) மண் வரும். தோண்டிய மண் உப்பும் என்பதை மறந்தவர் வீட்டு வாசலில்தான் அது மாதக்கணக்கில் கிடக்கும்.

ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது

இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, கண்ணுக்குத் தெரியும் கழிவைத் தண்ணீரில் கரைவதற்குள் பிடித்து வெளியே தள்ளுவது. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாவை முறிப்பது. மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டிருக்கும், அதை எந்த வலையும் பிடிக்காது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது அவ்வளவு மோசமில்லை. தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்தப் பாக்டீரியாக்களுக்கு ஒட்டிக்கொள்ள இடமும் ஆக்சிஜனும் வேண்டும். ஃபில்டருக்குள் போடும் பொருட்கள் அத்தனையும் அதற்குத்தான்.

மோட்டாரைக் குளத்துக்குள் போட்டு ஃபில்டருக்குத் தண்ணீரை அனுப்புவது ஒரு முறை. சுலபம். ஆனால் மோட்டாரின் விசிறி கழிவை மாவாக அரைத்துத்தான் அனுப்பும். அரைத்ததைப் பிடிப்பது கஷ்டம். புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் இன்னொரு முறைக்குப் போங்கள். குளத்தின் அடியில் நாலு இஞ்சு வடிகால், அதாவது கடைக்காரர்கள் பாட்டம் டிரெயின் என்று சொல்வது. அதிலிருந்து ஒரு குழாய் பூமிக்கடியில் போய் ஃபில்டர் தொட்டியின் அடியில் ஏறும். தொட்டியின் தண்ணீர் மட்டமும் குளத்தின் மட்டமும் ஒன்றாக இருக்கும். மோட்டார் கடைசித் தொட்டியில். அது தண்ணீரை எடுத்துக் குளத்துக்கு அனுப்பியதும் தொட்டியில் மட்டம் ஓர் இஞ்சு, இரண்டு இஞ்சு இறங்கும். அந்த இறக்கத்துக்கே குளத்தின் அடித் தண்ணீர் கழிவோடு முழுசாக வந்து சேரும். அரைபடாது.

தொட்டிக்கு 220 லிட்டர் நீல டிரம் நாலு போதும். குளத்தின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஃபில்டர் என்ற கணக்குக்கு இது சரியாக வரும். டிரம் வாங்கும்போது உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். உணவுப் பொருள் வந்த டிரம்மாகப் பாருங்கள், ரசாயனம் வந்தது எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

முதல் டிரம் காலியாகவே இருக்கட்டும். தண்ணீர் பக்கவாட்டில் நுழைந்து மெதுவாகச் சுழலும், கனமான கழிவு நடுவில் கீழே படியும். இரண்டாவதில் குளத்து ஃபில்டர் பிரஷ்களை நெருக்கமாகத் தொங்கவிடுங்கள். மூன்றாவதில் பாக்டீரியாவுக்கான பொருள்: சக்கரம் போன்ற சின்னப் பிளாஸ்டிக் மீடியாவை டிரம்மில் பாதியளவு போட்டு, கீழிருந்து காற்று விட்டால் அது ஓயாமல் புரண்டுகொண்டே இருக்கும், அடைக்காது. கட்டுப்படியாகாதவர்கள் ஜப்பானிய மேட் என்று விற்கும் முரட்டு நார்ப் பாயைச் செங்குத்தாக அடுக்கலாம். நாலாவதில் மோட்டார்.

நம் ஊர்ச் சூட்டுக்கு நான் இன்னொன்றையும் சேர்க்கச் சொல்வேன். மோட்டாரிலிருந்து வரும் தண்ணீரில் ஒரு பகுதியை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கிரேட்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே மீடியாவோ எரிமலைக் கல்லோ நிரப்பி, மேலிருந்து ஷவர் மாதிரி விழவிட்டுக் குளத்தில் சேர்ப்பது. ஜப்பானில் பாக்கி ஷவர் என்பார்கள். விழும் தண்ணீர் காற்றை வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் குளிரவும் செய்யும். வெறும் அலங்கார அருவிக்குச் செலவழிக்கும் காசில் இதைச் செய்துவிடலாம்.

‘பத்தாயிரம் லிட்டருக்கு’ என்று அட்டையில் அச்சடித்த சின்னப் பெட்டி ஃபில்டர்களை நம்ப வேண்டாம். அதில் பெரும்பாலும் சில தங்கமீன்களோடு செடிகள் வளரும் குளத்தை மனதில் வைத்த கணக்கு. கோய்க்கு அந்த எண்ணைப் பாதியாக்கி, அப்புறம் மறுபடியும் யோசியுங்கள்.

குழியும் கான்கிரீட்டும்

வெறும் மண் குழியில் இபிடிஎம் ரப்பர் ஷீட் விரித்துத் தண்ணீர் நிரப்புவது வெளிநாடுகளில் வழக்கம். இங்கே பெருச்சாளி இருக்கிறது. சுவருக்கு வெளியிலிருந்து வளை தோண்டி வந்து ஷீட்டைக் கடித்து வைத்தால் எங்கே ஓட்டை என்று தேடியே வாழ்க்கை போய்விடும். செங்கல் சுவர் கட்டி அதன் மேல் ஷீட் விரிப்பது பரவாயில்லை. அதற்கு அளவு: நீளத்தோடு ஆழத்தை இரண்டு தடவையும், விளிம்புக்கு இரண்டடியும் கூட்டுங்கள். இந்தக் குளத்துக்கு 21 அடிக்கு 18 அடி. என் ஓட்டு கான்கிரீட்டுக்கே. தளத்துக்கும் சுவருக்கும் கம்பி எவ்வளவு கனம், என்ன இடைவெளி என்பதை உங்கள் ஊர் மண் தெரிந்த இன்ஜினியரிடம் கேளுங்கள். கரிசல் மண்ணுக்கும் செம்மண்ணுக்கும் ஒரே விடை கிடையாது.

நீங்கள் நேரில் நின்று பார்க்க வேண்டியது தளம் போடும் நாள். பாட்டம் டிரெயினைக் குழியின் நடுவில் வைத்து, நாலு இஞ்சு பிவிசி குழாயை ஒட்டி, ஃபில்டர் குழி வரை கொண்டுபோயிருப்பீர்கள். கனமான ரகக் குழாயாக வாங்குங்கள், கூரைத் தண்ணீர் இறக்கும் மெல்லிய குழாய் வேண்டாம். முழங்கை வளைவு முடிந்தவரை குறைவாக, இரண்டுக்கு மேல் போகாமல். ஒட்டிய மறுநாள் குழாயின் ஒரு முனையை மூடி, தண்ணீர் நிரப்பி, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். சொட்டுகிறதா என்று தெரிந்துகொள்ள இதுதான் கடைசி வாய்ப்பு. பிறகு டிரெயினின் வாயைத் துணியால் அடைத்து, மேலே டேப் சுற்றுங்கள். கான்கிரீட் கொட்டும்போது ஜல்லி ஒன்று உள்ளே விழுந்தால் அது வளைவில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆட்கள் கால் பட்டு டிரெயின் நகரும், அதனால் நாலு பக்கமும் கம்பி அடித்துக் கட்டி வையுங்கள். குழாயைச் சுற்றிலும் கான்கிரீட் நன்றாக இறங்கக் குத்திவிடச் சொல்லுங்கள். கசிவு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தளத்துக்கு நாலு மூலையிலிருந்தும் டிரெயினை நோக்கி வாட்டம் வேண்டும். மூன்று இஞ்சு இறக்கம் போதும். குளியலறைக்கு வாட்டம் விடத் தெரிந்த கொத்தனார்தான், ஆனால் ‘குளத்துக்கு எதுக்குங்க வாட்டம்’ என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். மூலைகளைக் கரண்டியால் உருட்டி மழுப்பிவிடச் சொல்லுங்கள், செங்குத்தான மூலையில் அழுக்கு தேங்கும். அடியில் கூழாங்கல் பரப்பும் ஆசையை இந்த இடத்திலேயே கைவிட்டுவிடுங்கள். கல்லுக்கு இடையில் சேரும் கழிவு அழுகி வாயு கிளம்பும், எந்த ஃபில்டராலும் அதை எடுக்க முடியாது.

டிரம் வைக்கும் குழிக்கும் தளம் போட்டு, செங்கல் சுவர் எழுப்புங்கள். டிரம்மின் விளிம்பு குளத்துத் தண்ணீர் மட்டத்தைவிட மூன்று நாலு இஞ்சு மேலே இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், டியூப் லெவலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக் குறித்துவிடுங்கள். ஓர் இஞ்சு தாழ்ந்தாலும் மோட்டார் நின்றதும் குளம் டிரம் வழியாக வழியும். டிரம் காலியாக இருக்கும்போது மழைத் தண்ணீர் குழிக்குள் புகுந்தால் மிதந்து எல்லா இணைப்பையும் பிடுங்கிவிடும், ஆகையால் மேலே ஒரு பட்டையைப் போட்டுக் கட்டுங்கள்.

வால்வு விஷயம். நாலு இஞ்சு வால்வு விலை அதிகம். செலவு குறைக்க ஓர் எளிய வழி உண்டு: முதல் டிரம்மின் அடியில் இருக்கும் கழிவு வாயில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு குழாயை ஒட்டாமல் சொருகி வைப்பது. அதைப் பிடுங்கினால் டிரம் காலியாகும், சொருகினால் அடைபடும். குளத்திலிருந்து வரும் வாய்க்கும் இதேபோல் ஒரு குழாய். கழிவு தானாக ஓட உங்கள் தோட்டத்தில் தாழ்வான இடம் இல்லையென்றால், பக்கத்தில் சின்னத் தொட்டி கட்டிச் சேர்த்து, சேற்றுத் தண்ணீர் இறைக்கும் பம்பால் வாழைக்குப் பாய்ச்சலாம். வாழை அப்படித் தளதளக்கும்.

ஃபில்டரிலிருந்து திரும்பி வரும் குழாயை ஒரு மூலையில், சுவரை ஒட்டிச் சாய்வாக விடுங்கள். குளம் முழுவதும் மெதுவாகச் சுழன்று, அழுக்கை நடுவில் இருக்கும் டிரெயினுக்குத் தானே கொண்டு சேர்க்கும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் மூன்று இஞ்சு வழிகால் ஒன்று, வலையோடு. கனமழையில் குளம் நிரம்பி மீன் வெளியே போகாமலிருக்க இது வேண்டும்.

பூச்சு முடிந்ததும் இரண்டு வாரம் ஈரம் காயாமல் நனையுங்கள். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீரின் பிஹெச்சை, அதாவது அமில-காரத் தன்மையின் அளவை, எங்கேயோ கொண்டுபோய்விடும். நிரப்பி, மூன்று நாள் விட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி என்று பிஹெச் எட்டரைக்குக் கீழே நிற்கும் வரை செய்ய வேண்டும். அல்லது குடிநீர்த் தொட்டிக்கு உகந்த எபாக்ஸியோ, ஃபைபர் கிளாஸ் பூச்சோ அடித்துவிடலாம். கருப்பு நிறம் கேளுங்கள், மீனின் சிவப்பும் வெள்ளையும் அதில்தான் எடுப்பாகத் தெரியும்.

கசிவு பார்க்க ஒரு வாளி போதும். குளத்தை நிரப்பி மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். ஒரு வாளியிலும் தண்ணீர் நிரப்பிக் குறித்து, குளத்து விளிம்பிலேயே வையுங்கள். இரண்டு நாள் கழித்து வாளியில் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அது வெயில் குடித்தது. குளத்தில் அதைவிடத் தெளிவாக அதிகம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. முதலில் குழாய்களை அடைத்து வைத்துக் குளத்தை மட்டும், பிறகு ஃபில்டரோடு சேர்த்து என இரண்டு தடவை பாருங்கள்.

மோட்டாரும் மின்கணக்கும்

குளத்துத் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஃபில்டரைச் சுற்றி வர வேண்டும். நம் குளத்துக்கு மணிக்கு ஐயாயிரம் லிட்டர். அட்டையில் போட்டிருப்பது உயரமே ஏற்றாத நிலையில் கிடைக்கும் அளவு. ஷவர் வரை ஐந்தடி தூக்கினால் நன்றாகக் குறைந்துவிடும், அதனால் பத்தாயிரம் லிட்டர் என்று போட்ட குளத்து மோட்டாரைப் பாருங்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் அரை எச்பி மோட்டாரை மாட்டிவிடலாம் என்று தோன்றும். அது மணிக்கு அரை யூனிட் இழுக்கும், ஒரு நாளைக்கு 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 720. இந்த மோட்டார் ஓயாது. மீன் இருக்கும் வரை இரவும் பகலும் ஓட வேண்டியது. 80 வாட் குளத்து மோட்டார், 40 வாட் ஏர் பம்ப், 40 வாட் யூவி விளக்கு மூன்றும் சேர்ந்து இரண்டு மாதத்தில் சுமார் 230 யூனிட். இதையே முன்கூட்டி வீட்டுக் கணக்கோடு கூட்டி, எந்த ஸ்லாபுக்குப் போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யூவி விளக்கு தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசியைக் கொல்லும். சுவரில் படரும் நூல்பாசியை ஒன்றும் செய்யாது, அம்மோனியாவையும் தொடாது. கழிவு பிடித்த பிறகு வரும் தெளிந்த தண்ணீரில்தான் அதை மாட்ட வேண்டும். எரிந்துகொண்டே இருந்தாலும் ஒரு வருஷத்தில் வீரியம் குறைந்துவிடும், டியூபை மாற்றுங்கள்.

குளத்துக்குப் போகும் மின் இணைப்புக்குத் தனியாக 30 மில்லியாம்ப் கசிவு தடுப்பான், எலக்ட்ரீஷியன் இஎல்சிபி என்றோ ஆர்சிசிபி என்றோ சொல்வது, கண்டிப்பாக வேண்டும். எர்த் சரியாக இருக்க வேண்டும். கையைத் தண்ணீருக்குள் விடுவதற்கு முன் சுவிட்சை அணைப்பது பழக்கமாக வேண்டும். இதில் மட்டும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ கிடையாது.

தண்ணீர் பழகும் காலம்

லாரித் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளையும் ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்தே அழிக்கும். மீன் கடையில் ஹைப்போ என்று கேட்டால் சோடியம் தயோசல்பேட் படிகம் கிடைக்கும், ஆயிரம் லிட்டருக்குப் பத்துப் பதினைந்து கிராம் கரைத்து ஊற்றினால் போதும். போர்த் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் ஆக்சிஜனும் இல்லை, சில இடங்களில் இரும்பு வேறு. ஷவர் போல விழவிட்டு, காற்று ஏற்றித்தான் சேர்க்க வேண்டும்.

ஃபில்டரில் பாக்டீரியா குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். எட்டு மீனையும் முதல் நாளே வாங்கி விடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது, மூன்றாவது வாரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். இரண்டு மூன்று சின்ன மீனோடு தொடங்குங்கள். சொட்டு மருந்து போல் வரும் அம்மோனியா, நைட்ரைட் சோதனைக் கிட் வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் பாருங்கள். சோதனைக் குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்துச் சொட்டுகளை விட்டுக் குலுக்கி, சொன்ன நிமிடம் காத்திருந்து, வெளிச்சத்தில் அட்டையோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் அம்மோனியா கிட்டில் மஞ்சள் என்றால் இல்லை, பச்சை ஏற ஏற அம்மோனியா ஏறுகிறது. பச்சை தெரிந்தால் தீனியை நிறுத்தி, கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.

பிஹெச் ஏன் முக்கியம் என்றால், அம்மோனியாவின் விஷம் அதைப் பொறுத்தது. 30 டிகிரித் தண்ணீரில் பிஹெச் 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் விஷ வடிவில் இருக்கும், 8 ஆக இருந்தால் ஏழு சதவீதத்தைத் தாண்டும். ஒரே கிட் அளவு, இரண்டு வேறு ஆபத்து.

அம்மோனியா இறங்கியதும் நைட்ரைட் ஏறும். அப்போது ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ கல்லுப்பு போட்டால், உப்பிலிருக்கும் குளோரைடு நைட்ரைட் மீனின் ரத்தத்தில் ஏறாமல் தடுக்கும். நம் குளத்துக்கு ஒன்பது கிலோ, ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு மூன்று நாளில் கரைத்து ஊற்றுங்கள். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து ஒரு வாரம் அப்படியே நின்றால் ஃபில்டர் தயார். இதற்கு நடுவே தண்ணீர் பச்சையாக மாறும். பயப்பட வேண்டாம், பாசி மருந்தும் ஊற்ற வேண்டாம்.

மீன் வாங்குதல்

சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் இருக்கிறது. வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும். வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டு கோஹாக்கு, அதோடு கருப்பும் சேர்ந்தால் சாங்கே, கருப்பை அடித்தளமாகக் கொண்டது ஷோவா. ஜப்பானிலிருந்து இறக்குமதியான மீனின் விலை தலை சுற்றும். உள்ளூரில் பொரித்து வளர்த்தது நம் சூட்டுக்குப் பழகியது, முதல் குளத்துக்கு அதுவே போதும். துடுப்பை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு மூலையில் ஒதுங்கும் மீனையும், தொட்டியில் ஒன்றாவது செத்துக் கிடக்கும் கடையையும் தவிர்த்துவிடுங்கள். தை, மாசியில் வாங்குவது நல்லது. அக்னி நட்சத்திரத்தில் வேண்டாம்.

பையை அப்படியே இருபது நிமிடம் குளத்தில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், கடைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. ஏற்கனவே மீன் இருக்கும் குளம் என்றால் புது மீனை ஐந்நூறு லிட்டர் தொட்டியில் தனியாக மூன்று நாலு வாரம் வைத்துப் பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும். கோய் ஹெர்பிஸ் வைரஸுக்கு மருந்து கிடையாது.

கோயில் குளத்தில் பொரி போட்ட பழக்கத்தில் பொரி, ரொட்டி, இட்லி என்று போடாதீர்கள். மிதக்கும் கோய் தீனியை, ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, காலையும் மாலையும். வெயில் உச்சத்தில் தீனி வேண்டாம். மீன் மீனாகப் பெருகி இடம் போதாமல் போனால் நண்பர்களுக்குக் கொடுங்கள், ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். இது அடிமண்ணைக் கிளறித் தின்னும் வெளிநாட்டுக் கெண்டை, ஏரியின் செடிகளையும் நாட்டு மீன்களையும் கெடுக்கும்.

வழக்கமான வேலை

இரண்டு நாளைக்கு ஒருமுறை முதல் டிரம்மின் சொருகு குழாயைப் பிடுங்குங்கள். பழுப்பாக, கஞ்சி போல் கெட்டியாக ஒரு வீச்சு வெளியேறும். தண்ணீர் வெளுத்ததும் சொருகிவிடலாம், ஒரு நிமிட வேலை. பிரஷ்களை வாரம் ஒருமுறை குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள், குழாய்த் தண்ணீர் படக் கூடாது. மூன்றாவது டிரம்மைத் தொடவே வேண்டாம். வாரம் பத்து சதவீதத் தண்ணீர் மாற்றம். குழாயைத் திறந்துவிட்டுப் போனில் பேசப் போய் மறந்தால், குளோரின் தண்ணீர் நிறைந்து காலையில் எல்லா மீனும் மிதக்கும். கையில் டைமர் வைத்துக்கொள்ளுங்கள்.

பிஹெச்சை நிலையாக வைத்திருப்பது தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை. பாக்டீரியா தன் வேலைக்கு அதைத் தின்றுகொண்டே இருக்கும். போர்த் தண்ணீர் கடினமான ஊர்களில் கவலையில்லை. மழைத் தண்ணீர் நிறைய விழும் கார்த்திகையில் மட்டும் சோதித்துப் பாருங்கள். 100 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 100 மில்லிகிராம்) கீழே போனால் பிஹெச் ஒரே ராத்திரியில் சரியலாம். ஆயிரம் லிட்டருக்கு 30 கிராம் சமையல் சோடா போட்டால் சுமார் 18 பிபிஎம் ஏறும்.

கடைசியாக, மின்வெட்டு. தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியலுக்கு முந்தைய நேரத்தில். அப்போது மோட்டார் நின்றால் முதலில் போவது இருப்பதிலேயே பெரிய மீன். பழைய கார் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் ஏர் பம்ப் ஒன்றைத் தயாராக வையுங்கள், இன்வெர்ட்டர் இருந்தால் ஏர் பம்பை மட்டும் அதில் இணையுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் தீனி போடாதீர்கள். புயல் சமயத்தில் நாள் முழுக்க மின்சாரம் இல்லாமல் இருந்து திரும்ப வந்தால், மோட்டாரை உடனே போட்டுவிடாதீர்கள். காற்றில்லாமல் கிடந்த டிரம்களில் பாக்டீரியா செத்து, தண்ணீர் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நாலு டிரம்மையும் முழுக்கக் கழிவுக்கு விட்டு, புதுத் தண்ணீர் நிரம்பிய பிறகு மோட்டாரைப் போடுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு அம்மோனியா கிட்டை மறுபடி வெளியே எடுத்து வையுங்கள்.